காமெடி பார்த்தால் இங்கிலீஷ் வருமா?

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு 24 வயது. காங்கேயம் பக்கம் ஒரு கிராமம். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், அப்புறம் பி.காம். ஒன்றரை வருடமாகத் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் அசிஸ்டென்ட் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். மெயில் எப்படியோ எழுதிவிடுவேன். ஆர்டர் கொடுக்கும் பையரோடு பேச வேண்டும் என்றால்தான் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

ஆறு மாதமாகத் தினமும் ராத்திரி ஹாஸ்டலில் ஒன்றரை மணி நேரம் இங்கிலீஷ் காமெடி சீரியல் பார்க்கிறேன். கீழே இங்கிலீஷ் சப்டைட்டில் ஓடும். தெரியாத வார்த்தை வந்தால் நோட்டில் எழுதி, பக்கத்தில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பும் அர்த்தமும் குறித்துக்கொள்வேன். 400 வார்த்தைக்கு மேல் சேர்ந்துவிட்டது. ஒரு பக்கத்தை ஃபோட்டோ எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். ஆனால் பேசும்போது அதில் ஒன்றுகூட வாயில் வருவதில்லை.

வந்த ஒன்றும் வம்பாகிவிட்டது. போன வாரம் வீடியோ காலில் பையர் மேடம், ஆர்டரை இரண்டு மடங்காக்கப் போவதாகச் சொன்னார். சந்தோஷத்தில் ‘ஷட் அப்!’ என்றுவிட்டேன். சீரியலில் தோழிகள் நல்ல செய்தி கேட்டால் அப்படித்தான் சொல்கிறார்கள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் பையர் சிரித்துவிட்டார். ஆனால் எங்கள் மேனேஜர் எல்லோர் முன்னாலும் திட்டினார். “காமெடியை விட்டுவிட்டு நியூஸ் பார்” என்கிறார் அண்ணன். விட்டுவிடட்டுமா மேடம்? இல்லை, நான் பார்க்கும் விதம்தான் தப்பா?

ஒரு வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

விட வேண்டாம். பார்க்கும் விதத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த ‘ஷட் அப்’ விஷயத்தை முடித்துவிடுவோம். அது மனதில் கிடக்கும்வரை அடுத்த காலில் உங்களுக்கு வாய் திறக்காது. நீங்கள் புரிந்துகொண்ட அர்த்தம் சரி. நம்ப முடியாத நல்ல செய்தி, அதைச் சொல்லும் தருணமும் சரி. ஆள்தான் மாறிவிட்டது. ஊரில் உங்கள் தோழி, “எனக்கு கவர்ன்மென்ட் வேலை கிடைச்சிருச்சுடி” என்றால் “போடி! நிஜமாவா?” என்பீர்கள். அந்தப் ‘போடி’ யாரையும் விரட்டுவதில்லை, ஆச்சரியத்தின் பாதியும் அன்பின் பாதியும் அதில் இருக்கிறது. அதே மாதிரி ஒரு நல்ல செய்தியைக் கம்பெனி முதலாளியம்மா சொன்னால் ‘போடி’ என்று வருமா? நாக்கு நுனிக்குக்கூட வராது. யாரும் பாடம் நடத்தாமலே இது உங்களுக்குத் தெரிகிறது, ஏனென்றால் தமிழில் ஒவ்வொரு வார்த்தையையும் அதைச் சொன்ன ஆளோடும் கேட்ட ஆளோடும் சேர்த்தே கேட்டு வளர்ந்திருக்கிறீர்கள். ‘ஷட் அப்’ உங்கள் நோட்டில் ஆள் இல்லாமல் தனியாகக் கிடந்தது. நடந்தது அவ்வளவுதான்.

பையர் சிரித்துவிட்டார் என்கிறீர்கள். அப்படியென்றால் அவருக்குப் புரிந்துவிட்டது. இப்போது போய் மன்னிப்பு மெயில் போட்டால் மறந்துபோனதை நினைவூட்டுவதாகத்தான் ஆகும், வேண்டாம். அடுத்த முறை நல்ல செய்தி வந்தால் ‘ரியலி? தட்ஸ் வொண்டர்ஃபுல் நியூஸ், தேங்க் யூ’ போதும். இதை இன்றைக்கே பத்து முறை வாய்விட்டுச் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மேனேஜர் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். 22 வருடமாக வேலைக்குப் போகிறவர்களுக்குப் பேச்சு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கியவர்கள் அதற்குப் பிறகு மாதக்கணக்கில் வாயே திறக்காமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அப்படி அடங்கிவிடக் கூடாது என்பதால்தான் இதை முதலில் எழுதுகிறேன்.

அண்ணன் சொல்வதற்கு வருகிறேன். நியூஸ் கேட்பது நல்ல பழக்கம்தான். ஆனால் உங்களுக்கு வேண்டியது அதில் இல்லை. நியூஸில் போர்நிறுத்தத்துக்கு இங்கிலீஷ் கிடைக்கும், விலைவாசி உயர்வுக்குக் கிடைக்கும். பாத்திர மூடிக்குக் கிடைக்காது. ‘நூல் தீர்ந்துபோச்சு’, ‘ஒரு நிமிஷம் லைனில் இருங்க’, ‘நான் கிளம்பிட்டேன், வந்துட்டிருக்கேன்’ எதுவும் கிடைக்காது. நியூஸ் வாசிப்பவர் யாரையும் பார்த்துப் பேசுவதில்லை, யாரும் அவருக்குப் பதில் சொல்வதும் இல்லை. காமெடி சீரியலோ ஒரு ஹாலில், ஒரு சமையலறையில், ஒரு காபிக் கடையில், ஓர் ஆபீஸில் நடக்கிறது. கேள்வி, பதில், மறுப்பு, சமாதானம் என்று ஆட்கள் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அன்றாட இங்கிலீஷ் இருக்கும் இடம் அதுதான்.

இன்னொன்றும் சொல்கிறேன், தைரியம் வரும். மைக்கேல் வெஸ்ட் என்று ஓர் ஆங்கிலேயர். டாக்காவில் வேலை பார்த்தவர், வங்காளத்துப் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கப் படும் பாட்டை நேரில் பார்த்தவர். முதலில் எந்தச் சொற்களைக் கற்பிப்பது என்று பல காலம் உழைத்து, 1953-இல் அவர் வெளியிட்ட பட்டியலில் இருந்தவை சுமார் 2000 சொற்கள்தான். பிறகு 2009-இல் ஸ்டூவர்ட் வெப், மைக்கேல் ராட்ஜர்ஸ் என்ற இருவர் பிரிட்டிஷ், அமெரிக்க டிவி நிகழ்ச்சிகளின் பேச்சை எடுத்து எண்ணிப் பார்த்தார்கள். அதிகம் புழங்கும் 3000 சொற்குடும்பங்களும் ஆள்பெயர், ஊர்ப்பெயர்களும் தெரிந்திருந்தால் அந்தப் பேச்சில் சுமார் 95 விழுக்காடு தெரிந்த சொல்லாகவே இருக்கும் என்பது அவர்களுடைய கணக்கு. கோ, கோஸ், வென்ட், கோயிங் எல்லாம் சேர்ந்து ஒரே குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூவும் பி.காமும் முடித்து, ஒன்றரை வருடம் இங்கிலீஷில் மெயில் போட்ட உங்களுக்கு இந்தச் சொற்களில் பெரும்பகுதி ஏற்கெனவே தெரியும்.

அப்படியானால் ஏன் வாயில் வரவில்லை? நீங்கள் அனுப்பிய நோட்டுப் பக்கத்தைப் பார்த்தேன். ‘ஃப்ளாபர்காஸ்டட்’, ‘நிங்கம்பூப்’, ‘ஹிலேரியஸ்’, ‘மெலோட்ரமாட்டிக்’. அழகான கையெழுத்து, ஒழுங்கான பக்கம். ஆனால் இவற்றில் ‘ஹிலேரியஸ்’ தவிர மற்றவை உங்கள் வாழ்க்கையில் வருடத்துக்கு ஒருமுறை தேவைப்பட்டால் அதிகம். புதிதாகத் தெரிகிற வார்த்தையைத்தான் எழுதியிருக்கிறீர்கள். பழகிய வார்த்தைகள் புது ஜோடி சேர்ந்து வரும்போது கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது.

‘ரன்’ தெரியும், ‘அவுட்’ தெரியும். நமக்கு இரண்டும் சேர்ந்தால் கிரிக்கெட். சீரியலில் ஃப்ரிட்ஜைத் திறந்து ஒருவர் ‘வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்’ என்கிறார். பால் தீர்ந்துபோச்சு. இது புது வார்த்தை இல்லை என்று நீங்கள் எழுதாமல் விட்டிருப்பீர்கள். ஆனால் மறுநாள் காலையிலேயே கம்பெனியில் ‘வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் நேவி புளூ யார்ன்’ என்று சொல்ல வேண்டி வரலாம். இதேபோல ‘ஷோ அப்’ என்றால் வந்து சேர்வது, ‘ஃபிகர் அவுட்’ என்றால் யோசித்துக் கண்டுபிடிப்பது, ‘ஹேங் ஆன்’ என்றால் கொஞ்சம் இருங்கள், ‘புட் அப் வித்’ என்றால் சகித்துக்கொள்வது. கெட், புட், டேக், ரன், கம், டர்ன். இந்தச் சின்னச் சொற்களுக்குப் பின்னால் அப், அவுட், ஆஃப், ஆன் ஒட்டிக்கொண்டு வருவதில்தான் பேச்சு ஆங்கிலத்தின் பாதி உயிர் இருக்கிறது. காமெடியில் இது கொட்டிக் கிடக்கிறது. இனிமேல் ஒற்றை வார்த்தை எழுதாதீர்கள். முழு வரியாக எழுதுங்கள்.

எந்த வரி? இங்கேதான் நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் விஷயம் வருகிறது. காமெடி எப்படிச் சிரிக்க வைக்கிறது? ஓர் ஆள் அந்த இடத்தில் சொல்லக் கூடாததைச் சொல்கிறார், அல்லது எல்லோரும் ஒன்று நினைக்க அவர் வேறொன்று புரிந்துகொள்கிறார். அதாவது சிரிப்பு வெடிக்கிற வரி, பெரும்பாலும் வழக்கத்தை மீறிய வரி. மனதில் ஒட்டுவதும் அதுதான், நீங்கள் நோட்டில் எழுதுவதும் அதைத்தான். அதை அப்படியே ஆபீசுக்குக் கொண்டுபோனால் ‘ஷட் அப்’ கதைதான் நடக்கும். அந்த வரிக்கு முன்னால் எதிரே நிற்கும் ஆள் என்ன கேட்டார் என்று பாருங்கள். அவர் சாதாரணமாகத்தான் பேசியிருப்பார். ‘வாட் டைம் டஸ் இட் ஸ்டார்ட்?’, ‘டிட் யூ லாக் த டோர்?’, ‘கேன் ஐ பாரோ யுவர் சார்ஜர்?’ என்று தினமும் எல்லோரும் பேசும் பேச்சு. சிரிக்க வைப்பவரை ரசியுங்கள். மொழியை அவருக்கு எதிரே நிற்பவரிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

நம்முடைய காமெடியிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். 1989-இல் வந்த ‘கரகாட்டக்காரன்’ படத்து வாழைப்பழ காமெடி உங்கள் வயதுக்காரர்களுக்கும் மனப்பாடம். கவுண்டமணி ஒரு ரூபாய் கொடுத்து இரண்டு பழம் வாங்கி வரச் சொல்கிறார். செந்தில் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றைக் கொண்டுவருகிறார். இன்னொன்று எங்கே என்று கேட்டால், கையில் இருப்பதைக் காட்டி அதுதான் இது என்கிறார். இப்போது கவுண்டமணி கேட்பதை இங்கிலீஷில் சொல்லுங்கள் பார்ப்போம். என் வகுப்பில் பத்துப் பேரில் எட்டுப் பேர் ‘வேர் இஸ் அனதர் ஒன்?’ என்பார்கள். தப்பு. மொத்தமே இரண்டுதான் என்கிறபோது மிச்சமுள்ளது ‘தி அதர் ஒன்’. ‘அனதர் ஒன்’ என்றால் வேறு ஏதோ ஒன்று, எதுவாக இருந்தாலும் சரி. தமிழில் இரண்டுக்கும் ‘இன்னொண்ணு’ என்ற ஒரே சொல் இருப்பதால் நமக்கு இந்த வேறுபாடு பிடிபடுவதில்லை. ‘ஐ ஆஸ்க்ட் யூ டு கெட் டூ பனானாஸ். ஹியர் இஸ் ஒன். வேர் இஸ் தி அதர் ஒன்?’ இதை ஐந்து முறை கோபமாகச் சொல்லிப் பழகினால் ஜென்மத்துக்கும் மறக்காது. நாளைக்கு இரண்டு சாம்பிள் அனுப்பி ஒன்றுதான் போய்ச் சேர்ந்தது என்றால், பையர் உங்களிடம் கேட்கப் போவதும் இதே கேள்விதான்.

இப்படித் தமிழ் காமெடியை இங்கிலீஷில் சொல்லிப் பார்ப்பது நான் வகுப்பில் அதிகம் நம்பும் பயிற்சி. கதை தெரியும், எங்கே சிரிப்பு வரும் என்று தெரியும், ஆகவே மனசு முழுக்க வார்த்தையில் நிற்கும். ஹாஸ்டல் தோழியோடு ஆளுக்கொரு பாத்திரமாகச் செய்து பாருங்கள்.

இதற்கு அக்காள் மாதிரி இன்னொரு பயிற்சி உண்டு. பேச்சே இல்லாத காமெடி. ரோவன் அட்கின்சன் நடித்து 1990-இல் தொடங்கிய ‘மிஸ்டர் பீன்’ பார்த்திருப்பீர்கள். அந்த மனிதர் அரிதாகத்தான் பேசுவார். வார்த்தை இல்லாத அதில் என்ன இங்கிலீஷ் படிப்பது என்று தோன்றும். வார்த்தையை நீங்கள் போட வேண்டும். அவர் செய்யச் செய்ய, கிரிக்கெட் வர்ணனை மாதிரி நீங்கள் சொல்லிக்கொண்டே போங்கள். அவர் பையைத் திறக்கிறார், ஏதோ தேடுகிறார், கண்டுபிடித்துவிட்டார், கீழே போட்டுவிட்டார், குனிந்து எடுக்கிறார். ஒரு நிமிடத்தில் எத்தனை இடத்தில் திக்குகிறீர்கள் என்று பாருங்கள். வடிகட்டி, தாழ்ப்பாள், தலையணை உறை, திருகு, துடைப்பம் என்று எந்தப் பொருளுக்குப் பெயர் தெரியாமல் நின்றீர்களோ, அவைதான் உங்களுக்கு உண்மையில் தேவைப்படும் சொற்கள். தேடிக் கண்டுபிடித்துவிட்டு மறுபடி அதே ஒரு நிமிடத்தைச் சொல்லுங்கள். நோட்டுக்கு வார்த்தை தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சரி, சப்டைட்டில். இன்று ராத்திரி ஒரு சோதனை செய்யுங்கள். உங்களுக்குச் சிரிப்பு எப்போது வருகிறது என்று கவனியுங்கள். நடிகர் வரியை முடிப்பதற்கு முன்பே வந்துவிட்டால் நீங்கள் கேட்கவில்லை, வாசிக்கிறீர்கள். ஆறு மாதமாக உங்கள் கண்தான் இங்கிலீஷ் படித்திருக்கிறது, காது படிக்கவில்லை. அதற்காகச் சப்டைட்டில் வீண் என்று சொல்ல மாட்டேன். நம் நாட்டிலேயே, அகமதாபாத் ஐஐஎம்மைச் சேர்ந்த பிரிஜ் கோத்தாரி 1996-இல் ஒரு யோசனையை முன்வைத்தார். டிவியில் ஓடும் சினிமாப் பாட்டுக்கு அதே மொழியில் வரிகளைக் கீழே ஓடவிட்டால், அரைகுறையாக எழுத்துத் தெரிந்தவர்கள் பாட்டை ரசித்தபடியே வாசிக்கப் பழகுவார்கள் என்பது அது. கேட்கும் ஒலியும் பார்க்கும் எழுத்தும் ஒரே மொழியாக இருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று கட்டிக்கொள்ளும். ஆகவே தமிழ் சப்டைட்டில் வைக்காமல் நீங்கள் இங்கிலீஷ் வைத்திருப்பது சரியான முடிவு. ஆனால் கட்டிக்கொண்ட பிறகு எழுத்தை எடுத்துவிட வேண்டும்.

பிடிஎஸ் பாட்டு கேட்பீர்களா? அந்தக் கொரியக் குழுவின் தலைவர் ஆர்எம், 2017-இல் ஓர் அமெரிக்க டிவி நிகழ்ச்சியில் தான் இங்கிலீஷ் கற்றது ‘ஃப்ரெண்ட்ஸ்’ சீரியல் பார்த்துத்தான் என்றார். அம்மா டிவிடி வாங்கித் தந்தாராம். முதலில் கொரிய சப்டைட்டிலோடு, அப்புறம் இங்கிலீஷ் சப்டைட்டிலோடு, கடைசியில் எதுவும் இல்லாமல் பார்த்தாராம். இதில் எல்லோரும் சீரியலின் பெயரைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். நான் பிடித்துக்கொள்வது, பார்த்ததையே அவர் மறுபடி மறுபடி பார்த்தார் என்பதை. அந்த சீரியல் மொத்தம் 236 எபிசோட். தினம் மூன்று நான்கு என்று ஓட்டினால் இரண்டு மூன்று மாதத்தில் முடிந்துவிடும், ஆனால் நாவில் ஒன்றும் ஒட்டியிருக்காது.

உங்கள் ஒன்றரை மணி நேரத்தில் 20 நிமிடத்தை மட்டும் படிப்புக்குக் கொடுங்கள். மிச்ச நேரம் சும்மா பார்த்துச் சிரியுங்கள், நாளெல்லாம் கம்பெனியில் நின்று வந்த உடம்புக்கு அதுவும் வேண்டும். அந்த 20 நிமிடத்துக்கு இரண்டே நிமிடக் காட்சி ஒன்று போதும். முதலில் எழுத்து இல்லாமல் கேளுங்கள், அப்புறம் இங்கிலீஷ் எழுத்தோடு, பிறகு மறுபடி எழுத்து இல்லாமல். அதன்பின் எதிரே நிற்பவரின் வரிகளில் மூன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, நிறுத்தி நிறுத்தி அவர் சொன்ன வேகத்திலேயே, அவர் ஏற்றி இறக்கிய இடத்தில் ஏற்றி இறக்கி, வாய்விட்டுச் சொல்லுங்கள். வாய்விட்டு என்றால் நிஜமாகவே சத்தம் வர வேண்டும். அறைத் தோழி தூங்கினால் மொட்டை மாடிக்குப் போங்கள்.

இப்போது உச்சரிப்பு. நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதிவைப்பதை விட்டுவிடுங்கள். ‘பேக்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது முதுகா, தோளில் மாட்டும் பையா, சாமான் கட்டுவதா, ரொட்டி சுடுவதா? நான்கையும் நம் எழுத்தில் ‘பேக்’ என்றுதான் எழுத முடியும். நான் இந்தப் பதிலில் தமிழ் எழுத்தில் எழுதுவதுகூட எந்த வார்த்தை என்று காட்டுவதற்குத்தான். ஒலிக்குக் காதைத்தான் நம்ப வேண்டும், ஃபோன் அகராதியில் ஸ்பீக்கர் படத்தைத் தொட்டால் சொல்லிக் காட்டும். நம் நாக்குக்கு வார்த்தையின் கடைசியில் ஓர் ‘உ’ சேர்த்தால்தான் நிம்மதி. கப்பு, புக்கு, பஸ்ஸு. காமெடியில் அந்த ‘உ’ இல்லாமல் வெட்டி நிறுத்துவதைக் கவனியுங்கள். ‘வெஜிடேபிள்’ என்று நாம் இழுப்பதை அவர்கள் ‘வெஜ்டபிள்’ என்று முடித்துவிடுவார்கள். ‘வாட் டூ யூ’ என்ற மூன்று சொல்லும் கரைந்து ஒரே சத்தமாகப் போகும். அவர்களை மாதிரியே பேச வேண்டியதில்லை. நம் உச்சரிப்பு நம்முடையதாகவே இருக்கட்டும், அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அவர்கள் கரைத்துப் பேசினாலும் உங்கள் காது அதைப் பிரித்துக்கொள்ள வேண்டும், பையர் கால் அதற்குத்தான் பரீட்சை.

உங்கள் தொழிலுக்கென்று ஒன்று. நீங்கள் பார்ப்பது அமெரிக்க சீரியல் என்று நோட்டிலிருந்தே தெரிகிறது. உங்கள் பையர் எந்த ஊர்? பனியன் ஊரில் வேலை பார்க்கிறவருக்கு இது முக்கியம். பிரிட்டனில் ‘வெஸ்ட்’ என்றால் நம் கை இல்லாத பனியனேதான். அமெரிக்காவில் ‘வெஸ்ட்’ என்றால் சட்டைக்கு மேல் போடும் கையில்லாத கோட்டு. அமெரிக்கர்களுக்கு ‘பேன்ட்ஸ்’ நாம் சொல்லும் பேன்ட். பிரிட்டிஷ்காரர்களுக்குப் பெரும்பாலும் அது ஜட்டி, பேன்ட்டை ‘ட்ரவுசர்ஸ்’ என்பார்கள். பிரிட்டனில் ‘ஜம்பர்’ ஸ்வெட்டர், அமெரிக்காவில் அது கையில்லாத ஒரு கவுன். பையர் லண்டன்காரர் என்றால் வாரத்தில் இரண்டு நாளாவது பிரிட்டிஷ் காமெடிக்கு மாறுங்கள்.

சொல் மட்டுமல்ல, தொனியும் மாறும். அமெரிக்கர் ‘குவைட் குட்’ என்றால் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். அதையே பிரிட்டிஷ்காரர் சொன்னால் பல நேரம் ‘பரவாயில்லை’ என்ற அளவுதான். ‘இட்ஸ் எ பிட் டைட்’ என்று அவர் மெதுவாகச் சொன்னால் கொஞ்சம்தானே என்று விட்டுவிடாதீர்கள், சாம்பிளை மாற்றித் தரச் சொல்கிறார். ‘ஐம் அஃப்ரெய்ட்’ என்று தொடங்கினால் பயப்படுகிறார் என்று அர்த்தமில்லை, பின்னால் ஒரு மறுப்பு வருகிறது என்று அர்த்தம். இந்தத் தொனி எந்தப் பாடப்புத்தகத்திலும் எனக்குத் திருப்தியாகக் கிடைத்ததில்லை. பிரிட்டிஷ் காமெடியில், மனதுக்குள் கொதித்தபடி வாயால் மரியாதையாகப் பேசும் ஆட்களிடம் அழகாகக் கிடைக்கிறது.

‘உட் யூ மைண்ட் சென்டிங் இட் பை ஃப்ரைடே?’ என்று யாராவது கேட்டால் நம் ஆட்கள் ஆர்வத்தில் ‘எஸ், எஸ்’ என்றுவிடுவார்கள். அனுப்புவதில் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்பது கேள்வி. ‘நாட் அட் ஆல்’ என்பதுதான் சரியான பதில். கல்லூரி முடித்ததை ‘பாஸ்ட் அவுட்’ என்பது நம் நாட்டில் எல்லோருக்கும் புரியும், வெளிநாட்டுக்காரர் பலருக்கு அது மயங்கி விழுந்தேன் என்று கேட்கும். அங்கே ‘கிராஜுவேட்டட்’ என்று சொல்லிவிடுங்கள். அதேபோல ‘தேங்க்ஸ் எ லாட்’, ‘கிரேட், ஜஸ்ட் கிரேட்’ என்று காமெடியில் ஒருவர் முகத்தைத் தொங்கப்போட்டுச் சொன்னால் அது குத்தல். வார்த்தையை மட்டும் நோட்டில் எழுதினால் நன்றி சொன்னதாகத்தான் தெரியும், ஆகவே முகத்தையும் சேர்த்துக் குறியுங்கள்.

எதைப் பார்க்க வேண்டாம் என்றும் கேட்பீர்கள். மேடையில் தனியாக நின்று பேசும் ஸ்டாண்ட் அப் காமெடியை ஒரு வருடம் தள்ளிவையுங்கள். வேகம் அதிகம், உள்ளூர் அரசியல் அதிகம், கெட்ட வார்த்தையும் அதிகம். எதிரே நின்று பதில் பேசவும் ஆள் இல்லை. 30 நொடி ரீல்ஸ் வார்த்தையை அறிமுகப்படுத்தும், அதோடு சரி. லண்டனில் பல நாட்டுக்காரர்கள் இங்கிலீஷ் படிக்கும் ராத்திரி வகுப்பு ஒன்றை வைத்து 1977-இல் ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ என்று ஒரு தொடர் வந்தது. நம் ஊரில் இன்றும் பலர் அதை இங்கிலீஷ் படிக்கப் பரிந்துரைக்கிறார்கள். அதில் மாணவர்கள் பேசுவது வேண்டுமென்றே தப்பாக எழுதப்பட்ட இங்கிலீஷ், அதுதான் அங்கே சிரிப்பு. இந்தியர்களையும் மற்ற நாட்டவரையும் காட்டிய விதம் எனக்குப் பிடித்ததும் இல்லை. பார்த்தால் வாத்தியார் பேசுவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தப்பாகப் பேசுகிறவர்களைப் பார்த்துச் சிரித்துப் பழகினால், நாம் வாய் திறக்கும்போது நம்மைப் பார்த்தும் இப்படித்தானே சிரிப்பார்கள் என்ற பயம் உள்ளே உட்கார்ந்துகொள்ளும்.

நோட்டை இப்படி மாற்றுங்கள். ஒரு வரி. அதன் கீழே யார் யாரிடம், எந்த இடத்தில், எந்த முகத்தோடு சொன்னார் என்பது. அதன் கீழே நான் இதை யாரிடம் சொல்லலாம்: தோழியா, ஆபீஸ் ஆட்களா, பையரா? ‘ஷட் அப்’புக்குத் தோழி மட்டும். ‘ஹேங் ஆன்’ தோழிக்கும் ஆபீசுக்கும். பையருக்கு ‘குட் யூ ஹோல்ட் ஆன் ஃபார் எ மொமென்ட்?’. ஒரு நாளைக்கு மூன்று வரிக்கு மேல் வேண்டாம். மறுநாள் ராத்திரிக்குள் அந்த மூன்றையும் யாரிடமாவது நிஜமாகப் பயன்படுத்திவிட வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் தோழிக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள். நான்கு நாள் கழித்து ஒருமுறை, இரண்டு வாரம் கழித்து ஒருமுறை பக்கத்தைப் புரட்டி, பார்க்காமல் சொல்லிப் பாருங்கள். வராததை மறுபடி எழுதுங்கள்.

பழைய நோட்டைத் தூக்கிப் போட வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து 400 வார்த்தையையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். எந்த வார்த்தையை இந்த மாதம் யாரிடமாவது சொல்லப் போகிறீர்களோ, அதற்கு மட்டும் உங்கள் வேலையிலிருந்தோ வீட்டிலிருந்தோ ஒரு வரி எழுதி, அந்த ஆளின் பெயரையும் பக்கத்தில் போடுங்கள். யார் பெயரும் தோன்றவில்லை என்றால் கோடு போட்டு அடித்துவிடுங்கள். அறுபதோ எழுபதோ மிஞ்சினால் நான் சந்தோஷப்படுவேன்.

அடுத்த பையர் கால் என்றைக்கு என்று எழுதவில்லை நீங்கள். அதற்கு முதல் நாள், அந்தக் காலில் நிச்சயம் தேவைப்படும் ஐந்து வரிகளை எழுதிக்கொள்ளுங்கள். வணக்கம் சொல்ல ஒன்று, புரியாவிட்டால் திரும்பக் கேட்க ஒன்று, கொஞ்சம் பொறுக்கச் சொல்ல ஒன்று, நல்ல செய்திக்கு ஒன்று, தாமதத்தைத் தெரிவிக்க ஒன்று. கால் முடிந்ததும், ஐந்தில் எத்தனை வாயில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள். மிஞ்சிய வார்த்தைகளின் பக்கத்தையும் ஃபோட்டோ எடுத்து அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆங்கில ஆசிரியை